புதுப்பித்த கணிப்பொறி ஓடவில்லை

நமது சங்கங்களுக்குக் கணிப்பொறி வந்து சேர்ந்த நாள் முதலாக அதனைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நம் காதில் விழுந்து வருகிறது. அது இருந்தால் எல்லாக் காரியமும் நொடியில் முடிந்துவிடும் என்பார் ஒரு சாரார். அது நின்றுவிட்டால் சங்கமே நின்றுவிட்டது என்பார் மற்றொரு சாரார். சென்ற புரட்டாசி மாதத்தில், நமது புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், தென்னையும் பூவும் பயிராகும் ஊரொன்றில், இவ்விரண்டு பேச்சையும் ஒரே மனிதர் வாயிலிருந்து ஒரே நாளில் கேட்க நேர்ந்தது. ஊரின் பெயரும் சங்கத்தின் பெயரும் இங்கு வேண்டுவதில்லை. நடந்தது எந்தச் சங்கத்திலும் நடக்கக் கூடியதேயாகும்.

தணிக்கைக் குறிப்புகளுக்குப் பதில் கேட்பதற்காக நாம் அன்று அங்கே போயிருந்தோம். காலை பத்தரை மணிக்கே திண்ணை நிறைய அங்கத்தினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் சிட்டா, அடங்கல், பாஸ்புத்தக நகல். சம்பா நடவுக்கான பயிர்க்கடன் மனுக்கள் அறுபதுக்கு மேல் அச்சங்கத்தில் சேர்ந்திருந்தன. அவற்றுக்கான பத்திரங்களையெல்லாம் பிரதி எடுத்துக் கணிப்பொறியில் ஏற்றி வைத்திருந்தார்கள். அவை அந்த வாரத்திற்குள் மத்திய வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் கட்டும் கெடுவும் அடுத்து வந்துகொண்டிருந்தது. இந்த நிலையில் கணிப்பொறி உயிரற்றுக் கிடந்தது.

சங்கத்தில் கணிப்பொறிகள் இரண்டு உண்டு. ஒன்று கணக்கு எழுதும் பொது மென்பொருளுக்காக வந்தது. மற்றது சங்கம் தன் சொந்த நிதியில் எட்டு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கியது. மனுக்கள் தயாரிப்பதும் பத்திரங்களைச் சேர்த்து வைப்பதும் இந்த இரண்டாவதில்தான். அது மிகவும் மெதுவாக ஓடுகிறது என்று, நகரத்திலிருந்த ஒரு கடைக்காரரிடம் கொடுத்து, தாய்ப்பலகை எனப்படும் மதர்போர்டு, பிராஸஸர், ராம், எஸ்.எஸ்.டி. ஆகிய நான்கையும் புதிதாக மாற்றி, பழைய பெட்டியிலேயே பொருத்தி வாங்கி வந்திருக்கிறார்கள். முதல் நாள் மாலை பஸ்ஸில் வந்து இறங்கிய அப்பெட்டியை மேசைமேல் வைத்து, இணைப்புகளைக் கொடுத்து, பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. விசிறி சுழலவில்லை, திரையில் வெளிச்சம் வரவில்லை, சத்தம் என்று ஒன்றும் இல்லை.

பொத்தானை அழுத்தியவர் தினக்கூலிக்கு வேலை பார்க்கும் ஓர் இளம்பெண். பட்டம் பெற்றவர். மனுக்களை ஏற்றும் வேலை முழுவதும் அவருடையதே. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தபோது, "மதர்போர்டு போயிருக்கும், அங்கே யாரோ மாற்றிக் குத்தியிருப்பீர்கள், எடுத்து வாருங்கள், ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்று பதில் வந்திருக்கிறது. அந்தத் தொகையை அப்பெண்ணின் கூலியில் தவணையாகப் பிடித்தம் செய்வதென்று காரியதரிசி ஒரு குறிப்பும் எழுதி நம் கையொப்பத்திற்காக வைத்திருந்தார். காரியதரிசி பொல்லாதவர் அல்லர். அங்கத்தினர் பணத்திற்குத் தாம் பொறுப்பு என்ற அச்சம் அவரை அவ்வாறு எழுதச் செய்தது. "ஐயா, நேற்றுக் கடையில் ஓடிய யந்திரம் இன்று இங்கே ஓடவில்லை. கடைசியாகத் தொட்டவர் யார் என்று பாருங்கள்" என்றார் அவர்.

திண்ணையிலிருந்த ஒரு பெரியவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆழ்குழாய்க் கிணறு வைத்துத் தென்னை வளர்ப்பவர். "தம்பி, என் மோட்டார் ஓடவில்லை என்றால் நான் எடுத்த எடுப்பில் மோட்டாரை மேலே தூக்க ஆள் கூப்பிடுவதில்லை. முதலில் பியூஸ் கட்டையைப் பார்ப்பேன். பிறகு ஸ்டார்ட்டரைத் திறப்பேன். பாதி நாள் அதற்குள் ஒரு பல்லி செத்துக் கிடக்கும்" என்றார். அவர் சொன்னது கணிப்பொறிக்கும் பொருந்தும் என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் 'மார்க் 2' என்னும் பெரிய கணிப்பொறி பிழை செய்தபோது, அதன் ரிலே ஒன்றின் நடுவே அகப்பட்டிருந்த ஓர் அந்துப்பூச்சியை எடுத்து, அதைக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டியே வைத்தார்கள். நம் ஊர்ப் பல்லிக்கு அந்தக் கௌரவம் கிடைக்கவில்லை.

பெரியவரின் முறையைத்தான் நாம் அன்று பின்பற்றினோம். காரியதரிசி கேட்டது போல் யார் தொட்டார் என்று கேட்பதை விட்டு, எது கடைசியாக மாற்றப்பட்டது என்று தேடுவதே இங்கு செய்யத் தக்கது. நெசவாள அன்பர்களுக்கு இது புதிதன்று. புதுப் பாவு பிணைத்த பிறகு முதல் முழத்திலேயே கோடு விழுந்தால் எந்த நெசவாளரும் நூற்ற ஆலையைக் குறை கூறுவதில்லை. பிணைத்த முடிச்சுகளையும், அச்சுப் பல்லில் இழை மாறிப் புகுந்திருக்கிறதா என்பதையுமே முதலில் பார்ப்பார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணிப்பொறி, உறுப்புகளை மாற்றியவுடன் ஓடாமற் போனால், பெரும்பாலும் ஓர் இணைப்பு விடுபட்டிருக்கும், அல்லது இடம் மாறியிருக்கும், அல்லது முழுவதும் அழுந்தாமல் இருக்கும். புது உறுப்பே பழுதாய் வருவதும் உண்டு. ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும்.

இந்த இடத்தில் மின்சாரம் சுவரிலிருந்து பலகை வரை செல்லும் வழியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். நாம் கல்லூரியில் பௌதிகம் படித்த பழக்கம் விடவில்லை என்று நேயர்கள் பொறுத்துக்கொள்வார்களாக. நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறு மின்னோட்டம். கணிப்பொறியின் உள்ளுறுப்புகளுக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் நேர் மின்னோட்டம். இந்த மாற்றத்தைச் செய்வது பெட்டியின் பின்புறத்தில் உள்ள பவர் சப்ளை. மிகப் பழைய கணிப்பொறிகளில் முன்புறப் பொத்தானே 230 வோல்ட்டை இணைத்தும் துண்டித்தும் வந்தது. வீட்டு விளக்குச் சுவிட்சைப் போல. 1995-இல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பை வகுத்த பிறகு அது மாறிவிட்டது. இப்போது சுவரில் சொருகியவுடனே, பொத்தானைத் தொடாமலேயே, பவர் சப்ளை தாய்ப்பலகைக்கு 5 வோல்ட் காவல் மின்சாரம் ஒன்றை அனுப்பிக்கொண்டே இருக்கும். முன்புறப் பொத்தான் வாசல் மணியைப் போன்றது. அது பலகையின்மேல் உள்ள இரண்டு சிறிய ஊசிகளை ஒரு கணம் சேர்த்து வைக்கிறது, அவ்வளவே. மணி ஓசை கேட்ட பலகை, பச்சை நிறக் கம்பி வழியாகப் பவர் சப்ளையை எழுப்புகிறது. அது எழுந்து, எல்லா வோல்ட்டும் சரியாக நின்றபின், அரை விநாடிக்குள் 'சரி' என்னும் குறிப்பைப் பலகைக்கு அனுப்புகிறது. அதன் பிறகே பிராஸஸர் வேலையைத் தொடங்கும்.

ஆகவே "பொத்தானை அழுத்தினால் ஒன்றும் இல்லை" என்ற ஒரே நோய்க்கு இந்த வழியில் எந்த இடமும் காரணமாகலாம். வீட்டு வாசலில் மணி அடிக்கவில்லை என்பதற்காக வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பிவிடக் கூடாதல்லவா?

நாம் சுவரிலிருந்து தொடங்கினோம். "கரண்ட் இருக்கிறது ஐயா, மின்விசிறி ஓடுகிறதே" என்றார் காரியதரிசி. விசிறி ஓடும் கம்பி வேறு, இந்த முனை வேறு. அதே முனையில் ஒரு செல்போன் சார்ஜரைச் சொருகிப் பார்த்தோம், சார்ஜ் ஏறியது. அடுத்து யு.பி.எஸ். பெட்டியிலும் அவ்வாறே பார்த்தோம். பிறகு கணிப்பொறிக்கு வரும் மின்கம்பியைக் கழற்றிவிட்டுத் திரைக்குச் செல்லும் கம்பியை அதில் மாற்றிச் சொருகினோம். அச்சங்கத்தில் இரண்டும் ஒரே மாதிரியான மூன்று முனைக் கம்பிகளே. பலன் இல்லை. பவர் சப்ளையின் பின்புறத்தில் ஒரு சிறிய சுவிட்சு உண்டு. ஒரு பக்கம் கோடும் மறுபக்கம் வட்டமும் போட்டிருக்கும். கோட்டுப் பக்கம் அழுந்தியிருந்தால் திறந்திருக்கிறது என்று பொருள். அதுவும் சரியாகவே இருந்தது.

இந்தச் சிறிய சுவிட்சைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நாம் உத்தியோகம் ஏற்ற புதிதில், வேறொரு சங்கத்தில், கணிப்பொறி ஓடவில்லை என்று புதிய பவர் சப்ளை வாங்கிப் போட்டிருந்தார்கள். அந்தச் செலவுச் சீட்டைச் சரிபார்த்து ஒப்பமிட்டவர் நாமே. கழற்றிய பழையதை இன்னொரு பெட்டியில் மாட்டிப் பார்த்தபோது அது நன்றாக ஓடியது. துடைப்பவர் கை பட்டுச் சுவிட்சு வட்டத்தின் பக்கம் சாய்ந்திருந்ததுதான் நோய். அச்சீட்டு இன்னும் அந்தச் சங்கத்தின் கோப்பில் இருக்கிறது. ஆறாயிரத்து ஐந்நூறு என்ற பேச்சைக் கேட்டதும் நமக்கு அந்தச் சீட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

அந்த வேளையில் அப்பெண் மெல்ல, "சார், பக்கத்து ஓட்டை வழியாகப் பாருங்கள். உள்ளே ஒரு பச்சை விளக்கு எரிகிறது. நேற்றே சொன்னேன்" என்றார். நாம் குனிந்து பார்த்தோம். மங்கிய இடத்தில் கடுகளவு ஒரு பச்சை ஒளி தெரிந்தது. எல்லாப் பலகைகளிலும் இவ்விளக்கு இராது. இதில் இருந்தது நல்ல காலம். சுவர், யு.பி.எஸ்., கம்பி, பின்சுவிட்சு ஆகிய எல்லாவற்றையும் கடந்து காவல் மின்சாரம் பலகைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. முதல் நாளே அவர் சொன்னதை யாரேனும் காதில் வாங்கியிருந்தால் நமது அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

கடைக்காரரை மீண்டும் அழைத்தோம். கோபப்படாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: கடையில் எப்படி ஓட்டிப் பார்த்தீர்கள்? "மேசைமேல் பலகையை வைத்து, ஊசியை ஸ்க்ரூடிரைவரால் தொட்டு ஓட்டினேன் சார். நன்றாக ஓடியது. அப்புறம் பெட்டிக்குள் மாட்டிக் கொடுத்துவிட்டேன்" என்றார். பெட்டிக்குள் மாட்டிய பிறகு, பெட்டியின் பொத்தானை அவர் அழுத்திப் பார்க்கவே இல்லை. கடையில் ஓடியது வேறு, சங்கத்திற்கு வந்தது வேறு என்றாயிற்று. மூடியைத் திறந்து பார்க்க அவருடைய சம்மதத்தையும் அப்போதே பெற்றுக்கொண்டோம். உத்தரவாதக் காலத்தில் உள்ள பொருளை விற்றவருக்குத் தெரியாமல் திறப்பது பின்னால் தொல்லையாக முடியும்.

திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. மின்கம்பியைச் சுவரிலிருந்து முற்றிலும் பிடுங்கிவிட வேண்டும். பிறகு முன்புறப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே எஞ்சிய மின்சாரம் வடியும். பெட்டியின் வெறும் இரும்பை ஒரு முறை தொட்டு, நம் உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் பவர் சப்ளையின் தகரப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கலாகாது. 230 வோல்ட் மாறு மின்னோட்டம் அதற்குள் ஏறத்தாழ 325 வோல்ட் நேர் மின்னோட்டமாகிக் கெப்பாஸிட்டர்களில் நிற்கிறது. கம்பியைப் பிடுங்கிய பின்னும் அது சில காலம் தங்கியிருக்கக் கூடும். பம்புசெட்டுக் கெப்பாஸிட்டரிடம் அடி வாங்கிய விவசாயிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பக்க மூடியைக் கழற்றினோம். பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரட்டைக் கம்பி, பலகையின் ஓர் ஓரத்தில், ஒன்பது ஊசிகள் உள்ள சிறிய வரிசையில் சொருகியிருந்தது. புதுப் பலகையுடன் வந்த கையேட்டை அப்பெண் எடுத்து வந்தார். அட்டைப் பெட்டியோடு அதையும் பத்திரமாக வைத்திருந்தார். அதிலிருந்த படத்தின்படி பொத்தான் கம்பி 6, 8 ஆம் ஊசிகளில் இருக்க வேண்டும். இருந்ததோ அடுத்த வரிசையில், 5, 7 ஆம் ஊசிகளில். அவை ரீசெட் பொத்தானுக்கு உரியவை. அணைந்திருக்கும் கணிப்பொறியில் ரீசெட்டை ஆயிரம் முறை அழுத்தினாலும் பலன் இராது. அப்பெண்ணே கம்பியைக் கழற்றி உரிய ஊசிகளில் மாற்றினார். மின்சாரம் கொடுத்துப் பொத்தானை அழுத்தினார். விசிறி சுழன்றது.

திண்ணையில் ஒரு மகிழ்ச்சி ஒலி எழுந்தது. காரியதரிசி, "பார்த்தீர்களா, இனி எல்லாம் நொடியில்!" என்றார். ஆனால் திரை கறுப்பாகவே நின்றது. ஒரு நிமிஷம் கழிந்தும் எழுத்து வரவில்லை. "போயிற்று, சங்கமே நின்றுவிட்டது" என்று அவரே நாற்காலியில் சாய்ந்தார்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசிறி சுழன்ற பின் இருக்கும் நோய், முன்னிருந்த நோய் அன்று. மின்சாரம் வந்துவிட்டது, இனிப் பார்க்க வேண்டியது பலகையின்மேல் அமர்ந்திருக்கும் உறுப்புகளை. பிராஸஸருக்கு அருகில் தனியே ஒரு நான்கு முனை அல்லது எட்டு முனை இணைப்பு உண்டு. பெரிய 24 முனை இணைப்பைக் கொடுத்தவர்கள் இதைப் பலமுறை மறந்துவிடுகிறார்கள். அது விடுபட்டால் விசிறி ஓடும், திரை வராது. அது சரியாகவே இருந்தது. திரையின் கம்பியும் இறுகவே இருந்தது. பிறகு ராம் துண்டைப் பார்த்தோம். ஒரு முனையின் பிடிப்பு மூடியிருந்தது. மறுமுனை அரை நெல் அளவு தூக்கி நின்றது. கடையில் சரியாக அழுந்தாமலிருந்து, பஸ்ஸின் குலுக்கலில் மேலும் விலகியிருக்க வேண்டும். மறுபடியும் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, அதைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்து, இரு பக்கமும் 'க்ளிக்' என்று கேட்கும் வரை அழுத்தினோம். இம்முறை திரையில் எழுத்துகள் வந்தன.

வந்ததும் வேலையைத் தொடங்கிவிடவில்லை. புதுப் பலகையின் கடிகாரம் ஏதோ ஒரு பழைய ஆண்டின் ஜனவரி முதல் தேதியைக் காட்டிக்கொண்டிருந்தது. பலகையின்மேல் ஒரு ரூபாய் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரிதான் இக்கடிகாரத்தை நடத்துவது. இணையத்தில் சேர்ந்தவுடன் தேதி தானே சரியாகிவிடுவது வழக்கம் என்றாலும், நாம் நம்பி விட்டுவிடுவதில்லை. பயிர்க்கடனை உரிய தவணையில் திருப்பிக் கட்டுபவருக்கு வட்டி இல்லை என்பது நம் மாநிலத்து ஏற்பாடு. தேதி ஒன்று புரண்டால் தவணை புரளும். பிறகு அங்கத்தினர் அலைய வேண்டியதுதான். தேதியைச் சரிசெய்த பின்பே மனுக்களைத் திறந்தோம். எல்லாம் பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்கு வந்திருந்தன.

நிற்க. அன்று திண்ணையிலிருந்த அங்கத்தினர்களை மிகவும் வாட்டிய அச்சம் வேறொன்று. "பெட்டி செத்துவிட்டதே, என் நகைக்கடன் கணக்கும் அதோடு போய்விட்டதா?" என்று ஓர் அம்மாள் கண்கலங்கிக் கேட்டார். இதற்குத் தெளிவான பதில் சொல்ல வேண்டியது நமது கடமை. நகை இருப்பது பாதுகாப்புப் பெட்டகத்தில். கணக்கு இருப்பதும் இந்தப் பெட்டியில் மட்டும் அன்று. மத்திய அரசு 2022 ஜூன் 29-ஆம் தேதி ஒப்புதல் அளித்த திட்டத்தின் கீழ், நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க 2,516 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நபார்டு வங்கியின் வழியாக ஒரே பொது மென்பொருள் எல்லாச் சங்கங்களுக்கும் வகுக்கப்பட்டது. அதில் எழுதும் கணக்கு தொலைவிலுள்ள பொதுச் சேமிப்பில் சேர்கிறது. சங்கத்திலுள்ள யந்திரம் அதைப் பார்க்கும் சன்னல்தான். சன்னல் உடைந்தால் வேறு சன்னல் வழியே பார்க்கலாம். ஆனால் அந்த இரண்டாவது கணிப்பொறியில் சங்கம் தானாகச் சேர்த்து வைத்திருந்த மனுக்களுக்கும் பத்திரப் பிரதிகளுக்கும் அத்தகைய காவல் இல்லை. அவை அந்த ஒரு டிஸ்க்கில் மட்டுமே இருந்தன. இக்குறையை நாம் அன்றைய அறிக்கையில் எழுதினோம். வாரம் ஒருமுறை தனி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்துப் பெட்டகத்தில் வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டோம்.

மேலே சொன்ன இரண்டு பிழைகளைத் தவிர வேறு சிலவும் புதுப்பித்த பெட்டிகளில் நேர்வதுண்டு. பலகைக்கும் பெட்டியின் தகரத்திற்கும் இடையே நிற்கும் பித்தளைக் குமிழ்களில் ஒன்று தவறான இடத்தில் இருந்தால், அது பலகையின் அடிப்பாகத்தைத் தொட்டுக் குறுக்கு மின்னோட்டம் உண்டாக்கும். அப்போது விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். பழைய பவர் சப்ளையின் சக்தி புதிய உறுப்புகளுக்குப் போதாமல் இருந்தாலும் இவ்வாறே ஆகலாம். சில பழைய பவர் சப்ளைகளின் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்புச் சறுக்குச் சுவிட்சு இருக்கும். அதை விளையாட்டாகவும் தொடக்கூடாது. 115-இல் வைத்து நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தால் வெடித்துப் புகைந்துவிடும். பவர் சப்ளையைத் தனியே சோதிக்கப் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் சேர்த்துப் பார்க்கும் முறை ஒன்றைக் கடைக்காரர்கள் செய்வார்கள். பெரிய கம்பெனிகளின் சில பெட்டிகளில் நிறமும் முனையும் வேறாக இருப்பதால், அதைத் தெரிந்தவர்களே செய்யட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது 2018-ஐ நம் மாவட்டத்தார் மறக்க இயலாது. அவ்வாண்டு நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கரை கடந்த கஜா புயலில் ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடிப் பகுதிகளில் தென்னைகள் சாய்ந்ததோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் விளக்கு எரியவில்லை. அத்தகைய காலத்தில் எந்த யு.பி.எஸ். பெட்டியும் உதவாது, அது சில நிமிஷங்கள் தாங்கி, வேலையை முறையாக முடித்து அணைக்கவே ஏற்பட்டது. அன்றாடக் காப்புக்கு நல்ல எர்த் இணைப்பும் வேண்டும். கரியும் உப்பும் இட்டுப் புதைத்த எர்த் குழி, நம் காய்ந்த செம்மண்ணில் ஈரம் வற்றினால் வேலை செய்யாது. கோடையில் அதற்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றும் சங்கங்கள் எத்தனை என்று கேட்டால் நமக்கே சொல்லத் தயக்கமாயிருக்கிறது.

இனிச் சங்கப் பணத்தைச் செலவு செய்பவர்களுக்கு நமது உத்தியோக முறையில் சில வார்த்தைகள். கணிப்பொறியைப் புதுப்பித்து வாங்கும்போது, கடையிலேயே, மூடி போட்ட நிலையில், பெட்டியின் பொத்தானை அழுத்தி ஓடவிட்டுப் பார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும். பில்லில் ஒவ்வொரு உறுப்பின் பெயரும், அதன் தொடர் எண்ணும், உத்தரவாதக் காலமும் எழுதி வாங்க வேண்டும். "கம்ப்யூட்டர் அப்கிரேடு, ஒன்று" என்று ஒற்றை வரியில் எழுதிய பில்லை நாம் ஏற்பதில்லை. கழற்றிய பழைய உறுப்புகள் சங்கத்தின் சொத்து. அவை திரும்பி வந்து இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். அவற்றுள் பழைய டிஸ்க்கை மட்டும் எக்காரணம் கொண்டும் கடையில் விட்டு வரக்கூடாது. அதில் அங்கத்தினர்களின் ஆதார்ப் பிரதி, கையெழுத்து, நிலப் பத்திரம் யாவும் இருக்கின்றன. அழித்துவிட்டோம் என்று சொல்லப்படுபவையும் பலவேளைகளில் மீட்டெடுக்கக் கூடியவையே.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தபோதுதான், அச்சங்கத்தின் பழைய டிஸ்க் எங்கே என்று கேட்கத் தோன்றியது. காரியதரிசி அப்பெண்ணைப் பார்த்தார். அப்பெண் பதிவேட்டைப் பார்த்தார். பழைய ராமும் டிஸ்க்கும் கடையிலேயே இருந்தன.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்குள் மனுக்கள் முழுவதும் அச்சாகி, மத்திய வங்கிக்குப் போக வேண்டிய கட்டு தயாராகிவிட்டது. கூலிப் பிடித்தக் குறிப்பைக் காரியதரிசி நம்மிடமிருந்து தாமே வாங்கி, குறுக்கே கோடிட்டு, தேதியும் போட்டார். ஊசியை மாற்றிச் சொருகிய வேலைக்குக் கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க இடமும் இல்லை. இரண்டரை மணிப் பஸ்ஸில் அப்பெண் பழைய டிஸ்க்கையும் ராமையும் வாங்கி வருவதற்கு நகரத்திற்குப் புறப்பட்டார். பஸ் சார்ஜு ரசீதைச் சங்கக் கணக்கில் எழுதும்படி நாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காரியதரிசியே வவுச்சர் போட்டுவிட்டார்.